கிரேயான் கோடு

ராத்திரி முழுக்க பழைய ஹிப் ஹாப் கேட்டதில் தூக்கம் போயே போச்சு. ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் நாள்: 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, தங்கை ஏற்பாடு செய்த பார்ட்டியில் அண்ணன் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போடுகிறார். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கூட்டம் வெறியாக ஆடுகிறது என்று கவனித்தவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று முடிய மற்றொன்று என்று அந்தத் துண்டையே நீட்டிக்கொண்டு போனார். அப்புறம் வந்த இன்னொரு டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு அந்தத் துண்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். கிரேயான்! அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

“இப்ப வர்றதெல்லாம் ஒரு ராப்பா” என்று அலுத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. 2018இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்கு அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சரே கிடைத்தது. சரி, விருதை விடுங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு புதுசு எதையாவது முழுசாக ஒருதடவை கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.