கேக்கதுக்கே நேரம் போச்சு

மூணு நாளா ஒரே கிராஃபைத்தான் முறைச்சுப் பார்த்துட்டு இருந்தேன். டேட்டா போகிற பகுதியில் பாதிக்கு மேல் காலி. ஆனால் அவசரம்னு முத்திரை குத்தி அனுப்பின 32 பைட் பாக்கெட் (சின்னத் தகவல் பொட்டலம்) ஒவ்வொண்ணும் நாலஞ்சு மில்லிசெகண்ட் நின்னுட்டுத்தான் கிளம்புது. ஒரு மில்லிசெகண்டுக்குள்ள போய்ச் சேரணும், லட்சத்துக்கு ஒண்ணுக்கு மேல தவறக் கூடாது என்பதுதான் 5ஜி-யில் இந்த ரகத்துக்கு வச்சிருக்கிற இலக்கு.

நான் பேஸ் ஸ்டேஷன், அதாவது செல்ஃபோன் டவர், மென்பொருளில் ஷெட்யூலர் எழுதுகிறவன். யாருக்கு எப்போ எவ்வளவு இடம் என்று ஒவ்வொரு அரை மில்லிசெகண்டுக்கும் முடிவு பண்ணுகிற நிரல் அது. கம்பெனி பெங்களூரில். ஆள் நாகர்கோவில் பார்வதிபுரத்தில், அத்தை வீட்டு மாடியில்.

மூணாம் நாள் சாயங்காலம் அத்தை சாயாவும் ரெண்டு மட்டிப்பழமும் எடுத்துட்டு மேலே வந்தா. "என்ன மக்ளே, ராத்திரி முழுக்க லைட்டு எரிஞ்சிட்டே கெடக்கு?"

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. அவகிட்ட மறைக்க என்ன இருக்கு? "ஃபோன் ஒரு பாக்கெட்டை அனுப்பணும்னா மொதல்ல டவர்கிட்ட கேக்கணும் அத்தே. டவர் சரின்னு சீட்டு கொடுத்தாத்தான் அனுப்பலாம். அனுப்பதுக்கு ஆகுத நேரம் கொஞ்சம்தான். கேக்கதுக்குத்தான் நேரம் போகுது."

"இதுல என்ன புதுசா கண்டுபிடிச்சிட்டியோ? ட்ரங்க் கால்னா என்னன்னு நெனச்ச?"

கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே 1960-லேயே எஸ்டிடி, அதாவது ஆப்பரேட்டர் இல்லாமல் நாமே வெளியூர் நம்பரைச் சுழற்றுகிற வசதி, வந்தாச்சு. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இந்தப் பக்கம் வெளியூர் பேசணும்னா ட்ரங்க் கால்தான். எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு நம்பர் சொல்லி, பதிஞ்சுட்டு, காத்திருக்கணும். சாதா, அர்ஜென்ட், லைட்னிங்னு தரம் வேற. மெட்ராஸ் லைன் சும்மா கிடந்தாலும் பதிகிற பெண் கை ஓயலைன்னா கால் போகாதாம். "லைனு காலி, நான் காலி இல்ல" என்றாள். என் மூணு நாள் கிராஃபை ஒரு வரியில் படிச்சிட்டாளேன்னு இருந்துச்சு.

எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், கணக்கு இப்படிப் போகும். 'எனக்கு அனுப்ப இருக்கு' என்று ஃபோன் கை தூக்க அதுக்கென்று ஒரு முறை உண்டு. பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை என்று வச்சால், சராசரியா அஞ்சு மில்லிசெகண்ட் தன் முறை வரவே காத்திருக்கணும். டவர் அதைப் புரிஞ்சு சீட்டு எழுதணும். சீட்டு கிடைச்சு நாலு மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் எஃப்டிடி-யில் (அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை இருக்கிற முறை) ஃபோன் வாயைத் திறக்கும். 5ஜி இந்த இடைவெளிகளை எல்லாம் சுருக்கிடுச்சு. சுருங்காமல் நிற்பது சீட்டு எழுதுகிற இடம். அந்தப் பலகைதான் கன்ட்ரோல் சேனல்.

என் சோதனையில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதுக்குள்ள இருக்கிற துணை அலைகளுக்கு நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. மொத்தம் 51 ரிசோர்ஸ் பிளாக் (அலைவரிசையை வெட்டின கட்டங்கள்). கன்ட்ரோல் பகுதியை ஆறு ஆறாகத்தான் எடுக்க முடியும் என்பதால் 48. ரெண்டு சிம்பல் (நேரத்தின் சின்ன அலகு) நீளம் கொடுத்தால் 96 துண்டு. ஆறு துண்டு சேர்ந்தது ஒரு சிசிஇ (சீட்டு எழுதுகிற இடத்தை அளக்கிற அலகு), ஆகக் கூடி 16 சிசிஇ. ஒரு சீட்டுக்கு 1, 2, 4, 8, 16 என்று ஏதாவது ஒண்ணைச் செலவழிக்கலாம். சிக்னல் நல்லா இருந்தால் ஒண்ணோ ரெண்டோ போதும். டவர் எட்டுகிற எல்லையோரத்தில் நிக்கிறவனுக்கு எட்டோ பதினாறோ வேணும்.

இங்கதான் நான் சறுக்கினது. அவசரப் பாக்கெட்டாச்சே, அதுக்கான சீட்டே ஃபோனுக்குப் புரியலைன்னா லட்சத்துக்கு ஒண்ணு என்கிற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகும். அதனால பத்திரமா இருக்கட்டும்னு அவசரக்காரன் எல்லாருக்கும் 16 போட்டு வச்சிருந்தேன். ஒருத்தனுக்குச் சீட்டு எழுதினதோட அந்த அரை மில்லிசெகண்டில் பலகை நிறைஞ்சாச்சு. பின்னால எட்டுப் பேர் வரிசையில். டேட்டா பகுதி காத்தாடிட்டுக் கிடக்கு.

குறைச்சாலும் ஒரு வில்லங்கம் உண்டு. தன் சீட்டு பலகையில் எங்கே இருக்குன்னு ஃபோனுக்குத் தெரியாது. இந்த 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஸ்லாட்டுக்கு, அதாவது அரை மில்லிசெகண்டுக்கு, 36 இடம் வரைக்கும் திறந்து திறந்து பார்க்கும், தன் நம்பரோட சரிபார்ப்பு பிட் ஒத்துவந்தால் அது தன்னுது. (பேட்டரி எங்கே போகுதுன்னு கேக்கிறவங்களுக்குப் பதிலில் ஒரு பங்கு இது.) யார் எங்கெங்கே தேடணும் என்பது அவனவன் நம்பரை வச்சு ஒரு கணக்குப்படி விழும். ரெண்டு பேருக்கு ஒரே இடம் விழுந்தால், பக்கத்தில் காலியா இருந்தாலும் ஒருத்தன் நிக்க வேண்டியதுதான்.

இன்னொண்ணு, அனுப்புகிற சரக்கு சிறுசுங்கிறதுக்காகச் சீட்டு சிறுசாகாது. சித்ரா பௌர்ணமி சாயங்காலம் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏற, கூட்டம் மொத்தமும் 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை அனுப்பினால், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முழுச் சீட்டு. கன்ட்ரோல் சேனலுக்கு, படம் டவுன்லோட் பண்ணுகிறவனை விட இந்தக் கூட்டம்தான் பாரம்.

"ஒருத்தரு உண்டும்," என்றாள் அத்தை. கோட்டாறு கம்போளத்தில் மொத்தக் கடை வச்சிருந்தவர். தினம் காலையில் பத்தே முக்காலுக்கு விருதுநகர் பேசணும், பருப்பு விலை கேக்க. "கொஞ்ச நாளு கழிச்சு அவரு பதியவே மாட்டாரு. பத்து நாப்பதுக்கே நான் லைனு போடுத கார்டை எடுத்து வச்சிருவேன்."

எங்க தொழிலில் அதுக்குப் பேர் கன்ஃபிகர்டு கிராண்ட். கேக்காமலே, இன்ன நேரத்துக்கு இன்ன இடம் உனக்குன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுறது. எல்டிஇ-யில் பேச்சுக்காக இதே யோசனை முன்னாடியே உண்டு. பேச்சு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டுன்னு தாளம் தப்பாமல் வரும் என்பதால், ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதுவது வெட்டி வேலை.

மறுநாள் ரெண்டு காரியம் பண்ணினேன். சிக்னலைப் பார்த்து 4, 8, 16 என்று பிரிச்சுக் கொடுத்தேன். தாளத்தில் வருகிற ஆறு பேருக்குச் சீட்டே வேண்டாம்னு இடத்தை முன்கூட்டி ஒதுக்கினேன். காத்திருப்பு ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கிச்சு, அந்த ஆறு பேருக்கு மட்டும். திடீர்னு வருகிறவன் இன்னும் கை தூக்கிட்டுத்தான் நிக்கான்.

ஒதுக்கின இடமும் சும்மா இல்லை. ஆள் பேசாத நேரத்திலும் அது அவன் பேரில்தான் கிடக்கும். எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறது? எல்டிஇ-யில் தொடர்ந்து 2, 3, 4 அல்லது 8 தடவை காலியா விட்டால் தானா விழுந்துடுகிற ஏற்பாடு உண்டு. என் 5ஜி ஷெட்யூலரில் அதை நானே எண்ணணும்.

அத்தைகிட்ட கேட்டேன், அந்தக் கம்போளத்துக்காரர் ஒரு நாள் வரலைன்னா என்ன செய்வீங்கன்னு.

"அவரு எறந்துபோனது எனக்கு நாலு நாளு கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் தெனமும் பத்து நாப்பதுக்குக் கார்டு கையில இருக்கும்" என்றாள்.

நாலுன்னு போட்டிருக்கேன். திங்கள்கிழமை ரிவ்யூவில் ஏன் நாலுன்னு கேப்பாங்க.