மூன்று தோல்விகளுக்குப் பின் டேவிட் கிரே

பிரிட்டன் பாடகர் டேவிட் கிரேயின் பாடல்களை நான் வரிசை மாற்றிக் கேட்டவன். முதலில் என் செவிக்கு வந்தது அவருடைய நான்காவது இசைத்தொகுப்பான 'ஒயிட் லேடர்'. அதில் மனம் தோய்ந்த பிறகே அதற்கு முந்தைய மூன்று தொகுப்புகளையும் தேடிக் கேட்டேன். கேட்டு முடித்தபோது, இவ்வளவு நன்றாகப் பாடல் எழுதத் தெரிந்த ஒருவரை மூன்று முறையும் உலகம் ஏன் கடந்துபோனது, நான்காம் முறை என்னதான் மாறியது என்ற கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது. அதற்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிரே 1968-இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சேல் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் உள்ள சால்வா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பிறகு லிவர்பூலில் ஓவியம் பயின்றார். வெர்ஜின் குழுமத்தைச் சேர்ந்த ஹட் நிறுவனத்தின் வழியாக 1993-இல் 'எ செஞ்சுரி எண்ட்ஸ்' என்ற முதல் தொகுப்பும், 1994-இல் 'ஃபிளெஷ்' என்ற இரண்டாவது தொகுப்பும் வெளிவந்தன. 1996-இல் ஈ.எம்.ஐ. நிறுவனம் 'செல், செல், செல்' என்ற மூன்றாவதை வெளியிட்டது. மூன்றும் விற்கவில்லை, ஈ.எம்.ஐ.யுடனான ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. அந்தத் தொகுப்புகளில் அவர் குரல் பெரும்பாலும் உச்சத்திலேயே நிற்கிறது. கிதாரை அடித்து வாசித்தபடி, கேட்பவர் எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணி அவர்களை எட்டிவிடத் துடிக்கும் ஓர் இளைஞனின் குரல் அது. அதில் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் நான்கைந்து பாடல்களுக்குப் பிறகு செவி களைத்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பது வயதை நெருங்கும் ஒரு பாடகருக்கு இசை நிறுவனம் இல்லாமல் போவது எத்தகைய நிலை என்பதை உணர, அந்நாளைய வழக்கமான ஒப்பந்தத்தின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். நிறுவனம் முன்பணம் கொடுக்கும். பதிவுக்கூடத்தின் செலவையும் விளம்பரச் செலவில் ஒரு பகுதியையும் அதனுடன் சேர்த்துப் பாடகரின் கணக்கில் எழுதிக்கொள்ளும். அந்தத் தொகை முழுவதும் பாடகருக்குரிய ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனையில் அவருக்கு வர வேண்டிய பங்கிலிருந்து, கழிந்து முடியும் வரை அவர் கைக்குப் புதிதாகப் பணம் வராது. கடன் தீர்ந்தாலும் மூலப்பதிவு பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். இவற்றைவிடக் கொடியதாக எனக்குத் தோன்றுவது காலக்கெடுதான். வெளியான சில வாரங்களுக்குள் ஒரு தொகுப்பு அசையவில்லை என்றால் நிறுவனத்தின் கவனம் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பாடல்களுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைக்காது.

1998-இல் கிரே வடக்கு லண்டனின் ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில் இருந்த தம் குடியிருப்பிலேயே பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். உடன் இருந்தவர்கள் க்ளூன் என்று அழைக்கப்படும் டிரம்ஸ் கலைஞரும், இயஸ்டின் போல்சன் என்ற ஒலிப்பதிவாளரும். கிதாரும் பியானோவும் முன்னே நிற்க, அவற்றின் அடியில் மின்னணுத் தாளங்கள் மெல்ல ஓடும் அந்த ஒலிக்கலவை, நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஒரு பாடகரிடம் அன்று எவரும் எதிர்பாராதது. என்னை மிகவும் ஈர்ப்பது அவருடைய குரலில் நேர்ந்த மாற்றம். வீட்டு அறையில் பாடுகிறவர் அரங்கத்தின் கடைசி வரிசையை எட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கேட்டால் போதும். முந்தைய தொகுப்புகளில் கேட்ட இறைஞ்சல் இங்கே தணிந்து, தனக்குத் தெரிந்ததை ஒருவரிடம் மட்டும் சொல்லும் தொனி வந்துவிட்டது. பத்துப் பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பின் கடைசிப் பாடல், 'சாஃப்ட் செல்' குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் பாடிய ஒன்று. அதைக் கிரே ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களுக்கு நீட்டிப் பாடியிருக்கிறார். விற்பனையை மட்டுமே கணக்கிடும் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஒன்பது நிமிடங்கள் நான்காகச் சுருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வெளியிட நிறுவனம் இல்லாததால் அவர்களே ஐ.ஹெச்.டி. ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். 1998 நவம்பரில் 'ஒயிட் லேடர்' முதலில் வெளியானது இங்கிலாந்தில் அல்ல, அயர்லாந்தில். அதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.ஈ.யில் 'நோ டிஸ்கோ' என்றொரு இசை நிகழ்ச்சி பின்னிரவில் ஒளிபரப்பாகிவந்தது. அதன் தொகுப்பாளர் டோனல் டினீன், சொந்த நாடு பாராமுகமாக இருந்த நாள்களிலேயே கிரேயின் பாடல்களை விடாமல் ஒலிக்கச் செய்தார். விழித்திருந்து கேட்டவர்கள் சிலரே என்றாலும் அவர்கள் மறக்கவில்லை. கிரே அயர்லாந்துக்குச் சென்றபோது அரங்குகள் நிறைந்தன. 'ஒயிட் லேடர்' அந்நாட்டில் வாய்வழியாகவே பரவி, அங்கே மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பு என்ற இடத்தைப் பெற்றது. ஒரு நாட்டின் பின்னிரவு நேயர்கள் வேற்று நாட்டுப் பாடகர் ஒருவரைக் கைவிடாமல் காத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தொகுப்பு அவர்களுடைய உடைமையாக இருந்ததால் அடுத்த அடியையும் அவர்களே தீர்மானிக்க முடிந்தது. அமெரிக்கப் பாடகர் டேவ் மேத்யூஸ் கூட்டாகத் தொடங்கிய ஏ.டி.ஓ. ரெக்கார்ட்ஸ், தன் முதல் வெளியீடாக 2000-ஆம் ஆண்டில் 'ஒயிட் லேடரை' அமெரிக்காவில் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஈஸ்ட் வெஸ்ட் நிறுவனத்தின் துணையோடு பிரிட்டனிலும் அது மறுபடி வெளியாகி, 'பாபிலோன்' என்ற பாடல் தரவரிசையில் ஐந்தாம் இடத்தை எட்டியது. தொகுப்பு முதலிடத்தைப் பிடித்தது 2001 ஆகஸ்டில். அதாவது, முதல் வெளியீட்டிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு. என் கேள்விக்கு விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாடல்கள் மேம்பட்டிருந்தன என்பது உண்மை, ஆனால் ஈ.எம்.ஐ.யின் அட்டவணையில் அதே பாடல்கள் 1999-இன் தொடக்கத்திலேயே அடங்கிப்போயிருக்கும். சுயாதீனம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் படைப்புச் சுதந்திரம் என்றே பொருள்கொள்கிறோம். கிரேயின் வாழ்வில் அதன் முதற்பொருள், காத்திருக்கக் கிடைத்த உரிமை. தன் பொருளைத் தானே வைத்திருப்பவருக்கு அதை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டிய நாளை வேறு எவரும் குறிப்பதில்லை.

2002-இல் நடந்த கிராமி விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான விருதுப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. முதல் தொகுப்பு வெளியாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விருதை அலிஷியா கீஸ் பெற்றார்.

அதற்குப் பின் வந்த 'எ நியூ டே அட் மிட்நைட்' தொகுப்பில் தந்தையை இழந்த துயரம் படிந்திருக்கிறது. 2005-இல் வந்த 'லைஃப் இன் ஸ்லோ மோஷன்' தொகுப்பும் அதைப் போலவே பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 2014-இல் 'மியூட்டினியர்ஸ்', 2019-இல் 'கோல்ட் இன் எ பிராஸ் ஏஜ்' என்று புதிய ஒலிகளை அவர் தொடர்ந்து தேடிச் சென்றார். இவ்விரண்டில் முதன்முறை கேட்பவருக்கு நான் பரிந்துரைப்பது 'மியூட்டினியர்ஸ்' தொகுப்பைத்தான். 2025 ஜனவரியில் 'டியர் லைஃப்' வெளிவந்தது. 'ஒயிட் லேடரின்' இருபதாம் ஆண்டை ஒட்டி 2020-இல் திட்டமிட்டிருந்த இசைப் பயணம் பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022-இல்தான் நடந்தேறியது.

நான் மீண்டும் மீண்டும் கேட்பது 2021-இல் வந்த 'ஸ்கெல்லிக்'. அயர்லாந்தின் தென்மேற்குக் கடலில் செங்குத்தாக எழும் பாறைத்தீவின் பெயர் அது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு துறவிகள் சிலர் அங்கே கல்லை அடுக்கிக் குடில் கட்டி வாழ்ந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊரான ஹெல்ம்ஸ்டேலில், பாடகர் எட்வின் காலின்ஸின் பதிவுக்கூடத்தில் இது பதிவானது. இதில் தாள வாத்தியம் மிகக் குறைவு. கிரேயின் குரலோடு வேறு குரல்கள் நெருக்கமாக நின்று ஒரே மூச்சில் பாடுகின்றன. அவற்றுள் டேவிட் கிட் முதலிய அயர்லாந்துக் கலைஞர்களின் குரல்களும் உண்டு. ஒலியைக் கூட்டாமல், விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்பது என் வழக்கம். சில இடங்களில் எந்தக் குரல் அவருடையது என்று எனக்குப் பிரித்தறிய முடிவதில்லை.