ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதும்

எனக்குத் திக்குவாய். ‘ப’வும் ‘க’வும்தான் ஜென்ம விரோதிகள். காக்கா என்று அண்ணனைக் கூப்பிடவே சின்ன வயதில் மூச்சு முட்டும். பேச்சில் சிக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுத் தப்பிக்கிற வித்தை எனக்கு அத்துப்படி. ஆனால் முனைவர் பட்ட ஆய்வு பாலிமர் கேட்டலிஸ்ட் பற்றியதாக அமைந்துவிட்டது. அதற்கு மாற்றுச் சொல் எங்கே போய்த் தேடுவது?

பொது வைவாவுக்கு, அதாவது எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு, தேதி குறித்ததும் தூக்கம் போனது. அதற்கு முன் ஒரு வேலை நேர்காணலில், நான் முடிக்குமுன்பே ஒருவர் என் வாக்கியங்களை முடித்து முடித்துக் கொடுத்தார். உதவி என்று நினைத்திருப்பார். எனக்கோ மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

உம்மா ஒரு துஆவை, பிரார்த்தனையை, எழுதி அனுப்பினார். “அல்லாஹும்ம லா ஸஹ்ல இல்லா மா ஜஅல்தஹு ஸஹ்லா” என்று தொடங்குவது. நீ எளிதாக்கியதைத் தவிர எளிதானது எதுவுமில்லை, நீ நாடினால் கடினமானதையும் எளிதாக்குகிறாய் என்று பொருள். நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவித்ததாக இப்னு ஹிப்பான் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஓதினேன். ஆனால் என் மனம் போய் நின்றது மூஸா நபியிடம்தான். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடம் போகும்படி இறைவன் சொன்னதும் அவர் கேட்டது குர்ஆனில் தாஹா சூராவின் 25 முதல் 28 வரையிலான வசனங்களில் இருக்கிறது: “ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ, வ யஸ்ஸிர் லீ அம்ரீ, வஹ்லுல் உக்ததம் மின் லிஸானீ, யஃப்கஹூ கவ்லீ.” இறைவா, என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை எளிதாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ், என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்ளட்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதை ஓதும்போது எனக்குத் திக்குவதே இல்லை. ராகத்தோடு ஓதினால், பாடினால், பலரோடு சேர்ந்து சொன்னால் திக்குவாய்க்காரர்கள் பலருக்கும் நாக்கு ஓடும். முஸல்லாவை, தொழுகை விரிப்பை, மடித்து வைத்துவிட்டு “பாலிமர்” என்று ஆரம்பித்தால் மறுபடியும் அதே கதைதான்.

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத்திடம் புலம்பினேன். அவர் ஒன்று சொன்னார். ‘உக்ததன்’ என்றால் ஒரு முடிச்சு. எல்லா முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லி மூஸா நபி கேட்கவில்லை, பேச்சு விளங்கும் அளவுக்குத்தான் கேட்டார் என்று தஃப்ஸீர்களில், குர்ஆன் விரிவுரைகளில், விளக்கம் இருக்கிறதாம். அடுத்த வசனங்களிலேயே அண்ணன் ஹாரூனையும் துணைக்குக் கேட்கிறார். துஆ கேட்பவன் ஆளையும் தேடலாம் என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து தினமும் இரவு காக்கா போனில் கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன். வேதியியல் அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. “இது ஏன்? அது எப்படி?” என்று எதையாவது கேட்டுவைப்பான். பேச்சுப் பயிற்சியாளரிடமும் போனேன். மெதுவாகத் தொடங்குவது, சிக்கும்போது தள்ளாமல் நிற்பது, முக்கியமாக முதலிலேயே சொல்லிவிடுவது: “எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.”

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இருபது வருடம் மறைத்ததை மைக்கில் எப்படிச் சொல்வது?

வைவா அன்று லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன்னேயே போய்விட்டேன். இரண்டு ரக்அத் தொழுதேன். மேடை ஏறி அந்த வரியைச் சொன்னேன். அதிலேயே ‘கொ’வில் மாட்டினேன், அரங்கில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். சரி, போகட்டும். மூன்றாவது ஸ்லைடில் “பாலிமர்” என்னைப் பிடித்துக்கொண்டது. பத்து நொடி இருக்கும். தள்ளாமல் நின்றேன். வெளித்தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாற்பது நிமிடப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கேள்விகள் வந்தன, பதில்கள் திக்கித் திக்கிப் போய்ச் சேர்ந்தன. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை, அதற்கு நாக்கு பொறுப்பல்ல.

முடிவை அறிவித்ததும் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். “உம்மா” சுலபமாக வந்தது. “பாஸ்” வரவில்லை. உம்மா இடையில் ஒரு சொல் பேசாமல் காத்திருந்தார்.