எங்கள் 3.4 சிக்மா 2.2 ஆனது எப்படி

புதிய துகள் ஒன்றைத் தேடும் எங்கள் பகுப்பாய்வு உள் மதிப்பாய்வைத் தாண்டிவிட்டது. சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐந்து மாதம் இழுத்ததற்குக் காரணம், தரவைத் திறந்து பார்ப்பதற்கு முன் நாங்கள் எழுதி வைக்கத் தவறிய ஒரே ஒரு வரி.

கருவியின் அளவுத்திருத்தமும், பின்னணியின் (புதிய துகள் இல்லாமலேயே வரும் நிகழ்வுகளின்) மதிப்பீடும் முதல் சுற்றிலேயே ஏற்கப்பட்டன. தரவைத் திறந்தபோது, பின்னணியாக 100 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 136 இருந்தன, அதாவது 3.4 சிக்மா (சிக்மா என்பது எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் அலகு; அது கூடக் கூட, தற்செயலாக நேரும் வாய்ப்பு குறையும்); நிறையைப் பொறுத்துச் சீராக இறங்கிவந்த வளைகோட்டுக்கு மேலே அடுத்தடுத்து மூன்று புள்ளிகள் எழும்பி நின்றன. இது வெறும் பின்னணியாக இருக்க 3000-இல் ஒரு வாய்ப்புதான் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அது தவறு. பின்னணி மட்டுமே இருந்தால் இவ்வளவு மிகையோ இதைவிடக் கூடுதலோ தோன்றுவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு. பின்னணி மட்டுமே உள்ளது என்பதற்கான நிகழ்தகவு அன்று. அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று சுற்று விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

மதிப்பாய்வாளர்களின் அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: எந்த நிறை முதல் எந்த நிறை வரை தேடுவதாக முன்கூட்டியே முடிவு செய்திருந்தீர்கள்? எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பல இடங்களில் தேடினால் எங்காவது ஒரு மேடு தற்செயலாகத் தலைகாட்டும் என்பதால், கருவி அளக்கக்கூடிய முழு எல்லையையும் கணக்கில் எடுத்தார்கள். பி-மதிப்பு ஏறத்தாழ 40 மடங்கு பெருகி, 3.4 சிக்மா 2.2 ஆனது. இதைச் சரிபார்க்க இலட்சக்கணக்கான போலித் தரவுத் தொகுதிகளை உருவாக்கிக் கணினி நேரத்தை வீணாக்கினோம். இயற்பியலாளர்கள் கிராஸும் விட்டெல்ஸும் 2010-இல் தந்த வழியில், தாழ்வான ஒரு வரம்பைச் சோதனை எண் (ஒவ்வொரு நிறையிலும் மிகை எவ்வளவு என்று சொல்வது) எத்தனை முறை மேல்நோக்கிக் கடக்கிறது என்று சில பத்துத் தொகுதிகளில் எண்ணினாலே போதும்.

முன் ஊகத்தைத் தரவோடு சேர்த்து எடைபோடும் பேய்ஸ் முறை எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினேன். சமிக்ஞை (புதிய துகளால் வரும் நிகழ்வுகள்) 0 முதல் 100 நிகழ்வுகள் வரை சமவாய்ப்புடன் இருக்கலாம் எனக் கொண்டபோது, பேய்ஸ் காரணி (பின்னணி மட்டும் என்பதைவிடப் புதிய துகளைத் தரவு எத்தனை மடங்கு ஆதரிக்கிறது என்பது) ஏறத்தாழ 100 என்று புதிய துகளின் பக்கம் சாய்ந்தது. மேல் எல்லையை 1000 ஆக்கியதும் அதுவே ஏறத்தாழ 10 ஆகச் சுருங்கியது. தரவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் அம்முறையை நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊகம் முடிவை எவ்வளவு அசைக்கிறது என்பதை அது வெளிப்படையாகக் காட்டுகிறது. பயன்படுத்துவோர் இரண்டு எல்லைகளுக்கும் உரிய எண்களைச் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கண்டுபிடிப்பு என அறிவிக்கத் துகள் இயற்பியலில் கேட்கப்படும், ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்னும் 5 சிக்மா வரம்பு மிகக் கடுமையானது என்று முன்பு எண்ணியிருந்தேன். 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத் தரவில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் நிறை அருகே தெரிந்த இரு-ஃபோட்டான் மேடு, கூடுதல் தரவு வந்ததும் 2016 ஆகஸ்டில் மறைந்துபோனது. எங்கள் மேட்டையும் பார்த்த பிறகு அந்த எண்ணம் எனக்கு இல்லை.

கட்டுரை கண்டுபிடிப்பாக அல்லாமல், 95 விழுக்காட்டு மேல்வரம்பாக (சமிக்ஞை இந்த அளவுக்கு மேல் இல்லை என 95 விழுக்காட்டு நம்பக அளவில் சொல்வதாக) வெளிவருகிறது. அடுத்த கட்டத் தரவுக்கான தேடல் எல்லையைத் தேதியிட்டு நேற்றே பதிவுசெய்துவிட்டோம்.