ஆல்ஃபா-கால் ஒவ்வாமை: பொட்டலத்தின் பின்பக்கத்தில் எதைத் தேடுவது?

ஆல்ஃபா-கால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பொட்டலத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் ஒவ்வாமை எச்சரிக்கை பெரிதாக உதவாது. பால், முட்டை, நிலக்கடலை, மீன் எல்லாம் அதில் வரும்; மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் வராது. உண்ணி கடித்து வரும் இந்த ஒவ்வாமையில் உடல் எதிர்ப்பது புரதத்தை அல்ல, பாலூட்டிகளின் உடலில் உள்ள 'ஆல்ஃபா-கால்' என்ற சர்க்கரையை. ஆகவே மாடு, பன்றி, ஆடு, மான், முயல் இவற்றின் இறைச்சியோடு கொழுப்பு, எலும்பு, தோல், குடல் எதிலிருந்து வந்த பொருளும் சந்தேகத்துக்குரியதுதான். வேகவைத்தாலும் அது அழியாது. கோழி, வாத்து, மீன், முட்டையில் அது கிடையாது.

அதனால் சேர்மானப் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். வெறுமனே 'ஜெலட்டின்' என்றிருந்தால் பன்றி அல்லது மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், சில வகைத் தயிர், காப்ஸ்யூல் மாத்திரையின் உறை எல்லாவற்றிலும் இருக்கலாம். சூப் தூளிலும் உடனடி நூடுல்ஸின் மசாலாப் பொட்டலத்திலும் எலும்புச்சாறோ இறைச்சிச் சாறோ இருக்கலாம்.

ஏமாற்றுவதில் முதலிடம் கோழி சாசேஜுக்கு. முன்பக்கம் கோழி என்றிருக்கும். உள்ளே இருப்பதும் கோழிதான். மேலுறை மட்டும் பன்றிக்குடலாக இருக்கலாம். உறை எதனாலானது என்பது பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

'இயற்கைச் சுவையூட்டி', கிளிசரின், ஸ்டியரேட், மோனோ-டைகிளிசரைடு (இ471) இவை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பட்டியலைப் பார்த்து ஊகிக்க வழியில்லை, தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும். "ஆல்ஃபா-கால் இருக்கிறதா?" என்று கேட்டால் பலருக்குப் புரியாது, "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். "இந்தப் பொருளின் கிளிசரின் மாடு, பன்றி, ஆடு போன்ற பாலூட்டியிலிருந்து வந்ததா, தாவரத்திலிருந்தா?" என்று ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். செய்முறை மாறக்கூடும் என்பதால் பழகிய பொருளையும் வாங்கும்போதெல்லாம் படியுங்கள்.

பால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் மோர்ப்புரதம், கேசீன், பால்திடப்பொருள் இவற்றையும் தேட வேண்டும். மற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாலை நிறுத்த வேண்டியதில்லை. 'வீகன்' முத்திரை நல்ல குறுக்குவழி. ஆனால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் அதிலும் இருக்கலாம், சிலருக்கு அது ஆவதில்லை. 'பால் இல்லாதது' என்ற முத்திரையோ இறைச்சியைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. எதிர்வினை பொதுவாக 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் வரும், அதுவும் ஒவ்வொரு முறையும் வராது. கொழுப்பின் அளவு, மது, உடற்பயிற்சி இவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். போன வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

சமைத்து விற்கும் உணவென்றால் மூன்றைக் கேளுங்கள்: எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள், சாறு எதனுடையது, அதே தட்டில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ வாட்டினார்களா. தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.