வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜெர்மனி

தம்பி போன கோடையில் வேலை கிடைத்து ஜெர்மனிக்கு பிளேன் ஏறினான். அவன் அங்கே பழகிவிட்டான். இன்னும் பழகாமல் தவிப்பது பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் அம்மாதான்.

முதல் வீடியோ கால். குளிரைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், "தண்ணி வருதாடா?" என்றாள். வடசென்னைக்காரிக்கு வேறென்ன தோன்றும்!

"நாள் பூரா வரும்மா. குழாய்ல புடிச்சு அப்படியே குடிக்கலாம்."

கொஞ்சம் யோசித்தாள். "எதுக்கும் ஒரு குடம் புடிச்சு மூடி வை நைனா. அங்கல்லாம் லாரி வருமோ வராதோ."

ஞாயிற்றுக்கிழமை விவகாரம்தான் பெரிசு. காலை ஏழு மணிக்குக் காசிமேட்டில் நின்றபடி சங்கராவை போனில் காட்டி, "கண்ணு எப்படி பளபளன்னு கீது பாரு" என்றாள். அங்கே ராத்திரி மூன்றரை. பையன் அரைக்கண்ணில் பார்த்தான். ஆனாலும் ஆசை விடவில்லை. ஞாயிறு என்றால் அங்கே கடைகள் மூடியிருக்கும் என்பதால், ஃப்ரீசரில் கிடந்த ஏதோ ஒரு மீனை எடுத்து, மதியம் குழம்புக்குத் தேங்காயை மிக்ஸியில் ஓடவிட்டிருக்கிறான். மாடி வீட்டுப் பாட்டி இறங்கி வந்து பெல் அடித்தாராம். சண்டையெல்லாம் இல்லை. "இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிரித்த முகமாக மேலே போய்விட்டாராம்.

அங்கே அது அமைதி நாள். சுவரில் துளை போடக்கூடாது, புல் வெட்டும் மெஷின் ஓட்டக்கூடாது, காலி கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது.

அம்மா இதைக் கேட்டு வாயடைத்துப் போனாள். அடுத்த ஞாயிறு கீழ் வீட்டில் டைல்ஸ் வெட்டும் சத்தம் கேட்டதும் படியில் நின்று, "இன்னாக்கா இது? ஜெர்மனியா இருந்தா இந்நேரம் போலீஸ் வந்திருக்கும்!" என்றாள். "அப்ப நீ அங்கியே போய் குந்திக்கோ" என்று பதில் வந்தது. கொஞ்ச நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பாட்டில் கதையும் உண்டு. அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷினுக்குள் விட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். நம்மூர்க் காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டு அம்மா அசந்துபோவாள் என்று நினைத்தான் போல. "குழாய்ல குடிக்கிற தண்ணி வருதுன்ன, அப்புறம் எதுக்குடா பாட்டில் வாங்குற?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று கட் பண்ணிவிட்டான்.

அக்டோபர் கடைசியில்தான் பெரிய கலவரம். வேலை முடிந்து அவன் ஆறு மணிக்குக் கூப்பிடுவான், நமக்கு ஒன்பதரை. அந்தத் திங்கட்கிழமை ஒன்பதே முக்கால் ஆகியும் போன் வரவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். நானே கூப்பிட்டால், பையன் ஆபீஸில் நிம்மதியாக இருக்கிறான். இனிமேல் ஆறு மணி என்றால் நமக்குப் பத்தரையாம்.

"கடிகாரத்த எவன்டா திருப்புனான்?"

"கவர்மெண்ட்டுமா. குளிர்காலம் வந்தா ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெப்பாங்க."

"ஒரு மணி நேரம் லேட்டா வேலைக்கு வான்னு சொன்னா முடிஞ்சுது. முள்ள எதுக்குத் தொடணும்?"

எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் கோபம் போய்விட்டது. ஒன்பதரை மணி சீரியலை இப்போது தொந்தரவில்லாமல் பார்க்க முடிகிறது. ஜெர்மன்காரன் விவரமானவன் என்று கீழ் வீட்டு அக்காவிடமே சொல்லியிருக்கிறாள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே கவர்மெண்ட் முள்ளை முன்னால் தள்ளிவிடும் என்பதை யார் சொல்வது என்று நானும் தம்பியும் இன்னும் முடிவு பண்ணவில்லை.