வளரலை சார்

"அப்போ பாக்டீரியா இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

வார்டிலிருந்து வந்த கேள்வி. ஆய்வகத்திலிருந்து நான் சொன்ன பதில் இரண்டே சொல்: "வளரலை சார்."

பொய் இல்லை. கிருமி வளர்க்கும் தட்டுகள் இரண்டு போட்டிருந்தோம். 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தும் மெக்கான்கி தட்டு காலி. ரத்தம் கலந்த பிளட் அகார் தட்டின் ஓரத்தில் ஸ்டாஃப் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் ஒரே ஒரு காலனி. எங்கள் கைபட்டு விழுந்தது, கணக்கில் வராது. சொல்லாமல் விட்டது வேறு. அந்தக் குழந்தையின் சி.எஸ்.எஃப் (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்) வந்தபோது மூன்றாவது தட்டான சாக்லேட் அகார் தீர்ந்திருந்தது. மாலையில் புதுத் தட்டுகள் தயாராவதற்குள் மீதித் துளிகள் பயோகெமிஸ்ட்ரிக்குப் போய்விட்டன.

சாக்லேட் அகார் முக்கியமாக ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸேவுக்கு, குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சி தரக்கூடிய பாக்டீரியா. அது வளர இரண்டு பொருள் வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும்: எக்ஸ் ஃபேக்டர் என்னும் ஹீமின், வி ஃபேக்டர் என்னும் என்.ஏ.டி. பிளட் அகாரில்தான் ரத்தம் இருக்கிறதே, போதாதா என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஹீமின் கிடைத்துவிடும். என்.ஏ.டி சிவப்பணுவுக்குள் அடைந்து கிடக்கிறது. கசிகிற கொஞ்சத்தையும் செம்மறி ரத்தத்தில் உள்ள ஒரு என்சைம் சிதைத்துவிடும். அதற்காகத்தான் ரத்தம் கலந்த அகாரை 80 டிகிரி வாட்டர் பாத்தில் பத்து நிமிடம்போல, நுரை வராமல் மெல்லச் சுழற்றிச் சூடாக்குகிறோம். அணுக்கள் உடையும், என்சைம் செயலிழக்கும், சிவப்பு பழுப்பாகும். அதுதான் சாக்லேட் அகார். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் ஹீமின் தாங்கும், என்.ஏ.டி தாங்காது. நிறம் மட்டும் அழகாக வரும், கிருமி வளராது. தெரிந்த ஹீமோஃபிலஸ் ஒன்றை ஒவ்வொரு பேட்சிலும் போட்டுப் பார்க்காமல் தட்டை நம்பக்கூடாது.

கிராம் ஸ்மியர், அதாவது சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, காட்டிக் கொடுத்திருக்கலாம். இதன் செல் சுவரில் பெப்டிடோகிளைக்கன் மெல்லிய ஏடு, அதற்கு மேல் கொழுப்பு நிறைந்த வெளிச்சவ்வு. ஆல்கஹால் பட்டதும் முதலில் ஏற்றிய வயலட் சாயம் வெளியேறிவிடும். பிறகு ஏற்றும் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தையும் இது அரைமனதாகத்தான் பிடிக்கும். சீழணுக்களும் புரதப் படிவும் அதே வெளிர்சிவப்பில் நிற்கும்போது இந்தக் குட்டிக் குச்சிகள் கண்ணில் படாது. அதற்குப் பதில் நீர்த்த கார்பால் ஃபுக்சின் சாயம் ஏற்றியிருந்தால் எடுப்பாகத் தெரிந்திருக்கும். 'சீழணுக்கள் உண்டு, கிருமி தென்படவில்லை' என்று எழுதினோம்.

2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து-நோய்த் தடுப்பூசி வந்தபின் இந்தக் கிருமி சி.எஸ்.எஃப்பில் அரிது, யாருக்கு நினைவு வரும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது செல்லாது. இந்தக் கிருமியில் ஊசி குறிவைப்பது பி வகையின் உறையை மட்டும்தான். தவிர, என்ன வரும் என்று யூகித்தா தட்டு போடுகிறோம்?

48 மணி நேரத்தில், கழிவுப் பையில் போடும் முன் பிளட் அகாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்டாஃப் காலனியைச் சுற்றி ஊசிமுனை அளவில், பனித்துளிபோல் காலனிகள். கொஞ்சம் தள்ளினால் ஒன்றுகூட இல்லை. ஸ்டாஃப் சிவப்பணுக்களை உடைத்து, தன் என்.ஏ.டியையும் கசியவிட்டு, பக்கத்தில் இருந்ததற்குச் சோறு போட்டிருந்தது. சாட்டலைட்டிசம், பரீட்சையில் எல்லோரும் படம் வரைந்ததுதான்.

போனில் கூப்பிட்டேன். சி.எஸ்.எஃப்பில் செல் கவுண்ட் சரியில்லாததால் செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தவில்லை என்றார் டாக்டர். அதாவது, என் பதிலை அவர் முழுதாக நம்பவில்லை. நல்லதுதான். நம்பியிருந்தால்? 'இல்லை' என்று நான் சொல்லவில்லையே என்று வாதாடியிருப்பேனோ?

அதன்பின் ரிப்போர்ட்டில் எந்தெந்தத் தட்டு போட்டோம் என்று ஒரு வரி சேர்த்தேன். நம் பற்றாக்குறையை வெளியே எழுதுவானேன் என்று மேலே இருந்தவர் அந்த வரியை அடித்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

கைசுத்தம் பற்றிப் புதியவர்களுக்கு இன்றும் பாடம் எடுக்கிறேன். அன்று கைசுத்தமாக வேலை செய்திருந்தால் அந்த ஸ்டாஃப் விழுந்திருக்காது. தட்டு துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்திருக்கும், 48 மணி நேரத்திலும் "வளரலை சார்" என்றுதான் சொல்லியிருப்பேன். இதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.